பிரிண்டர் கம்பெனி செஞ்ச கேமராவும் 27.8 மில்லிமீட்டரும்

உலகத்தின் முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவைச் செஞ்சது யாருன்னு கேட்டா, கேமரா கிறுக்கு பிடிச்சவங்க யோசிக்காம "லைக்கா"ம்பாங்க. இல்லைங்க. எப்சன்! ஆமா, பிரிண்டரும் இங்க்கும் விக்கிற அதே எப்சன்தான். வருஷம் 2004. ரேஞ்ச்ஃபைண்டர்னாலே லைக்கான்னு பேர் வாங்கின ஜெர்மன் கம்பெனி வந்து சேர இன்னும் ரெண்டு வருஷம் ஆச்சு.

தலைமுறை தலைமுறையா அல்வா கிண்டுன கடை கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்க, எதிர்த்த ஜெராக்ஸ் கடைக்காரர் மொத கிண்டு கிண்டி வித்த மாதிரி இருக்குல்ல? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஏன் இப்படி ஆச்சுன்னு தோண்டப் போனதுல வந்ததுதான் இந்தப் பதிவு.

டிஸ்கி: நான் பொட்டி தட்டிப் பிழைக்கிறவன். புகைப்படத்துல கத்துக்குட்டி. படிச்சது என்னமோ இஞ்சினியரிங்தான், ஆனா ஒளியியல் பேப்பர்ல பார்டர்ல பாஸ். அதனால சூத்திரம் எதுவும் வராது, தைரியமாப் படிக்கலாம் :-)

முதல்ல, ரேஞ்ச்ஃபைண்டர்னா என்ன? எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் வழியா வர்ற வெளிச்சத்தை உள்ளே இருக்குற ஒரு கண்ணாடி மேல திருப்பி நம்ம கண்ணுக்கு அனுப்பும். லென்ஸ் பாக்குறதையே நாமும் பாப்போம். ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தச் சோலியே இல்லை. மேல் மூலையில் தனியா ஒரு ஜன்னல், அது வழியாத்தான் பாக்கணும். கொஞ்சம் தள்ளி இன்னொரு குட்டி ஜன்னல். அதுல தெரியுற படம், முதல் ஜன்னலுக்கு நடுவுல ஒரு சின்னச் செவ்வகத்துல வந்து விழும். லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக அந்த ரெண்டாவது படம் பக்கவாட்டுல நகரும். ரெண்டும் சரியா ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துச்சுன்னா ஃபோகஸ் ஆச்சுன்னு அர்த்தம். நம்ம ரெண்டு கண்ணும் தூரத்தைக் கணிக்கிற அதே முக்கோணக் கணக்குதான். லென்ஸ் பின்பக்கம் இருக்குற ஒரு வளையம், கேமராவுக்குள்ள இருக்குற குட்டி உருளையைத் தள்ளும். அவ்வளவுதான் மெக்கானிசம். மோட்டார் இல்லை, இதுக்கு பேட்டரியும் வேண்டாம்.

கண்ணாடி இல்லைங்கிறதால கேமரா ஒல்லி. லென்ஸ் சின்னது. சத்தம் கம்மி. இன்னொரு முக்கியமான விஷயம், லென்ஸோட பின்பக்கம் ஃபிலிமுக்கு ரொம்பப் பக்கத்துல போகலாம். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வில்லனா வரும்.

இப்போ கதை ஜெர்மனியில் இருக்கிற வெட்ஸ்லர்ங்கிற ஊருக்குப் போகுது. அங்கே மைக்ராஸ்கோப் செஞ்சிட்டிருந்த எர்ன்ஸ்ட் லைட்ஸ் கம்பெனியில் ஆஸ்கர் பார்னாக்னு ஒரு மெக்கானிக். ஆஸ்துமாக்காரர். அந்தக் காலத்துப் பெட்டிக் கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் தூக்கிட்டு மலை ஏற முடியலை. சினிமா ஃபிலிமைப் பக்கவாட்டுல ஓடவிட்டு 24க்கு 36 மில்லிமீட்டர்ல படம் பிடிக்கிற ஒரு குட்டிக் கேமராவை 1914லேயே செஞ்சு பாத்தார். நடுவுல உலகப்போர். 1925ல் லைப்சிக் சந்தையில்தான் அது லைக்கான்னு பேரோட வெளியே வந்துச்சு. அதுல ரேஞ்ச்ஃபைண்டர் கிடையாது, தூரத்தை நாமளே குத்துமதிப்பா வெக்கணும். லென்ஸோட இணைஞ்ச ரேஞ்ச்ஃபைண்டர் உள்ளேயே வந்தது 1932ல், லைக்கா II மாடலில். அதே வருஷம் ஸைஸ் ஐகான் கம்பெனியும் கான்டாக்ஸ் கேமராவோட போட்டிக்கு வந்துச்சு.

அந்தப் பழைய லைக்காக்களில் லென்ஸை மரை மாதிரி திருகி மாட்டணும். விட்டம் 39 மில்லிமீட்டர். லென்ஸ் உக்கார்ற விளிம்பிலிருந்து ஃபிலிம் வரைக்கும் 28.8 மில்லிமீட்டர். 1954ல் லைக்கா எம்3 வந்தபோது திருகுறதை விட்டுட்டு, டக்குனு மாட்டித் திருப்புற பயோனெட் முறைக்கு மாறினாங்க. அப்போ அந்த இஞ்சினியர்கள் பண்ண ஒரு வேலைதான் என்னை இந்தக் கதைக்குள்ள இழுத்துச்சு. புது விளிம்பிலிருந்து ஃபிலிமுக்கு 27.8 மில்லிமீட்டர்னு வெச்சாங்க. சரியா ஒரு மில்லிமீட்டர் கம்மி. ஏன்? ஒரு மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு வளையத்தைப் போட்டா, பழைய மரை லென்ஸ் எல்லாம் புதுக் கேமராவில் அப்படியே வேலை செய்யும்!

நம்ம பாஷையில் சொன்னா பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டி. காசு கொடுத்து லென்ஸ் வாங்கினவனை நடுத்தெருவில் விடக் கூடாதுங்கிற முடிவு. நாமெல்லாம் ரெண்டு வருஷம் முன்னாடி எழுதின ஏபிஐயை "இனிமே சப்போர்ட் கிடையாது"ன்னு ஒரு மெயிலைத் தட்டிவிட்டு முடிச்சுடறோம். அவங்க ஒரு மில்லிமீட்டர்ல அந்தப் பிரச்சினையை முடிச்சாங்க.

இந்த மாதிரிக் கேமராவால என்ன பண்ண முடிஞ்சதுங்கிறதுக்கு நம்ம ஊர்லயே சாட்சி இருக்கு. பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன், கையில் லைக்காவும் பெரும்பாலும் ஒரே ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸுமா உலகம் சுத்தினவர். 1948 ஜனவரி 30 அன்னிக்கு காந்தியைச் சந்திச்சுட்டு வந்த கொஞ்ச நேரத்துல காந்தி சுடப்பட்டார். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரையும் ஆசிரமத்தையும் படம் எடுத்தார். ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைஞ்சபோது அவர் அங்கேதான் இருந்தார். சாகக் கிடக்கிற ஒரு மனுஷன் முன்னாடி பெரிய பெட்டியைத் தூக்கிட்டு நிக்க முடியுமா? சத்தம் போடாத சின்னக் கேமராவோட அருமை அங்கேதான் தெரியும்.

ஆனா 1959ல் நிக்கான் எஃப் வந்துச்சு. எஸ்எல்ஆர். லென்ஸ் பாக்குறதையே நீங்களும் பாக்கலாம், தூரத்துல இருக்குற பறவையைக் கூட பெரிய டெலி லென்ஸ் மாட்டி எடுக்கலாம். ரேஞ்ச்ஃபைண்டரில் 135 மில்லிமீட்டருக்கு மேல போனா கட்டம் கடுகு மாதிரி ஆயிடும். அடுத்த பத்து பதினஞ்சு வருஷத்தில் பத்திரிகைக்காரங்கள்ல பெரும்பாலானவங்க எஸ்எல்ஆர் பக்கம் போயிட்டாங்க. ரேஞ்ச்ஃபைண்டர் ஒரு சின்னக் கூட்டத்தோட பிடிவாதமா சுருங்கிப் போச்சு.

அப்புறம் டிஜிட்டல் வந்துச்சு. இங்கேதான் வில்லன் என்ட்ரி.

எஸ்எல்ஆரை டிஜிட்டல் ஆக்குறது ஒப்பிட்டுப் பாத்தா சுலபம். 1991லேயே நிக்கான் எஃப்3 உடம்புல கோடாக் ஒரு சென்சாரைச் சொருகி வித்துச்சு. ஏன் சுலபம்னா, நிக்கானில் விளிம்பிலிருந்து ஃபிலிமுக்கு 46.5 மில்லிமீட்டர். நடுவுல கண்ணாடி ஆடணும்கிறதுக்காக விட்ட இடம். அதனால லென்ஸ் எப்பவும் தள்ளித்தான் நிக்கும், வெளிச்சம் ஓரங்களுக்கும் ஓரளவு நேராவே போகும். ரேஞ்ச்ஃபைண்டரிலோ 27.8தான். வைட் லென்ஸ்களோட பின்பக்கம் அதையும் தாண்டி உள்ளே போகும். அங்கிருந்து படத்தோட மூலைக்குப் போற வெளிச்சம் ரொம்பச் சாய்வா விழும்.

ஃபிலிமுக்கு அதைப் பத்திப் பெருசாக் கவலை இல்லை. சென்சார் அப்படி இல்லை. சென்சாரோட ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டிக் கிணறுன்னு வெச்சுக்கங்க. உச்சி வெயில் அடிமட்டத் தண்ணி வரைக்கும் விழும். சாயங்கால வெயில் கிணத்துச் சுவத்துலயே நின்னுடும். அதனால மூலையெல்லாம் இருட்டும், நிறமும் மாறும். போதாக்குறைக்கு சென்சாருக்கு முன்னாடி அகச்சிவப்பைத் தடுக்க ஒரு கண்ணாடி வேற வெக்கணும். சாய்வா வர்ற வெளிச்சத்தை அது இன்னும் கெடுக்கும்.

ஆக, எந்தக் குட்டையான இடைவெளி 50 வருஷமா ரேஞ்ச்ஃபைண்டரோட பலமா இருந்துச்சோ, அதுவே கழுத்துல சுருக்கா விழுந்துச்சு. இடைவெளியை மாத்திட்டா பிரச்சினை தீர்ந்துடும். ஆனா மாத்தினா 1954லேர்ந்து வித்த அத்தனை லென்ஸும் குப்பை. என்ன செய்வீங்க?

லைக்கா தயங்கி நின்ன இடத்துல எப்சன் ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சுச்சு. சென்சாரைச் சின்னதா வெச்சுட்டா? 24க்கு 36க்குப் பதிலா, அப்போ டிஜிட்டல் எஸ்எல்ஆர்களில் சாதாரணமாப் புழங்கின ஏபிஎஸ்-சி அளவு, 6.1 மெகாபிக்சல். மூலையிலதானே பிரச்சினை, மூலையே வேண்டாம்னு வெட்டிட்டாங்க! இதுக்கு உடம்பு கொடுத்தது கொசினா. அது 1999லேர்ந்து ஃபாய்க்ட்லாண்டர்ங்கிற பழைய ஜெர்மன் பேரில் பெஸ்ஸா கேமராக்களைச் செஞ்சிட்டிருந்த ஜப்பான் கம்பெனி. எப்சன் தலைமையகம் சுவாவில், கொசினா நகானோவில். ரெண்டுமே நாகானோ மாகாணம்தான்.

எப்சனுக்கு என்ன ஆசைன்னு கேட்டா, அதுக்கும் ஒரு பின்கதை. அது சைக்கோ கடிகாரக் குடும்பத்துப் பிள்ளை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸில் நேரம் அளந்து அச்சடிக்கிற கருவி செய்யப் போய், 1968ல் ஈபி-101ன்னு ஒரு குட்டி பிரிண்டர் செஞ்சாங்க. அந்த ஈபியோட "சன்", அதாவது பிள்ளைங்கிறதுதான் எப்சன்னு பேராச்சு. அந்தக் கடிகார ரத்தம் ஆர்-டி1 கேமராவோட மண்டையிலேயே தெரியும். மேலே கைக்கடிகாரம் மாதிரி ஒரு வட்டம், அதுல நாலு முள். பேட்டரி எவ்வளவு, இன்னும் எத்தனை படம், வெள்ளைச் சமநிலை, படத்தரம் எல்லாத்துக்கும் முள்தான். விலை அப்போ சுமார் 3000 டாலர்.

ஒரு நண்பர் புண்ணியத்துல மூணு வாரம் ஒரு ஆர்-டி1 என் கையில் இருந்துச்சு. டிஜிட்டல் கேமராவா இருந்தாலும் ஒவ்வொரு படத்துக்கும் கட்டைவிரலால லீவரை இழுக்கணும். ஷட்டருக்குச் சாவி கொடுக்கத்தான். பின்பக்கத் திரையைத் திருப்பி மூடிட்டா டிஜிட்டல்னே தெரியாது.

எனக்கு அதுல ஒரு தனிப்பட்ட கணக்கும் இருந்துச்சு. எங்க தாத்தா பிலாய் உருக்காலையில் வேலை பாத்தவர். அங்கே இருந்த ரஷ்ய இஞ்சினியர் ஒருத்தர் ஊர் திரும்பும்போது அவர்கிட்ட வாங்கின சோர்க்கி-4 கேமரா வீட்டுல இருந்துச்சு. ஷட்டர் திரைத்துணி நைஞ்சு கேமரா செத்துப் பல வருஷமாச்சு. ஆனா ஜூபிட்டர்-8ன்னு அதோட 50 மில்லிமீட்டர் லென்ஸ் மட்டும் பளிச்சுனு இருந்துச்சு. சோவியத்காரங்க பழைய லைக்கா மரையையே வெச்சிருந்ததால, அந்த ஒரு மில்லிமீட்டர் வளையத்தைப் போட்டேன். ஆர்-டி1ல் கச்சிதமா உக்காந்துச்சு. வெட்ஸ்லரில் போட்ட அளவு, மாஸ்கோ பக்கம் செஞ்ச லென்ஸ், பிலாய் வழியா வந்து நாகானோவில் செஞ்ச கேமராவில்!

பாட்டியை உக்கார வெச்சு எடுத்தேன். அதே லென்ஸ்ல தாத்தா எடுத்த பாட்டி படம், கல்யாணமான புதுசுல எடுத்தது, வீட்டுச் சுவத்துல இருக்கு. நான் எடுத்த முதல் நாலு படத்துல கண்ணுல ஃபோகஸ் இல்லை, காதுல இருந்துச்சு. சோவியத் லென்ஸ்களோட கணக்கு லைக்கா கணக்குலேர்ந்து ஒரு நூல் தள்ளி இருக்குமாம். எஃப்/2ல், பக்கத்துல எடுத்தா அது காட்டிக் கொடுக்கும். எஃப்/5.6க்குப் போனதும் சரியாச்சு. பாட்டி திரையில பாத்துட்டு "உங்க தாத்தாவை விட ஒல்லியா எடுத்திருக்கே"ன்னாங்க :-) அதுக்குக் காரணம் ஏபிஎஸ்-சி வெட்டுன வெட்டு. அதுல 50 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட 76 மாதிரி நடந்துக்கும், போர்ட்ரெயிட்டுக்கு வசதி.

சரி, லைக்கா என்ன ஆச்சு? 2005 தொடக்கத்துல மூலதனத்துல பாதிக்கு மேல கரைஞ்சு, வங்கிகள் கடன் வசதியை வெட்டிச்சு. கம்பெனி மூழ்குற நிலைமை. ஆண்ட்ரியாஸ் காஃப்மன்னு ஒரு ஆஸ்திரியர், முன்னாள் பள்ளிக்கூட வாத்தியார், குடும்பச் சொத்தைப் போட்டுக் கை கொடுத்தார். 2006ல் எம்8 வந்துச்சு. கோடாக் செஞ்ச 10.3 மெகாபிக்சல் சென்சார், எப்சனை விடக் கொஞ்சம் பெருசு. ஓரத்துக்குப் போகப் போக ஒவ்வொரு கிணத்து மேலயும் இருக்குற நுண்லென்ஸைக் கொஞ்சம் கொஞ்சமா உள்பக்கமா நகர்த்தி வெச்சாங்க, சாய்வா வர்ற வெயிலை உள்ளே பிடிச்சுப் போட. அகச்சிவப்புக் கண்ணாடியை வெறும் அரை மில்லிமீட்டரா ஆக்குனாங்க.

அங்கேதான் வெச்சான் ஆப்பு. மெல்லிசான கண்ணாடி அகச்சிவப்பைச் சரியாத் தடுக்கலை. கறுப்பு பாலியெஸ்டர் கோட்டு எல்லாம் படத்துல கத்திரிப்பூ கலர்ல வந்துச்சு! கல்யாண வீட்டுல கோட்டு சூட்டு மாப்பிள்ளையை எடுக்கிறவர் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. கடைசியில லென்ஸ் முன்னாடி மாட்டிக்கச் சொல்லி, கேமரா வாங்கினவங்களுக்கு ரெண்டு ஃபில்டர் இலவசமாக் கொடுத்தாங்க. அந்த ஃபில்டரை வைட் லென்ஸ்ல போட்டா மூலையெல்லாம் நீலப்பச்சை அடிக்கும். அதை மென்பொருள் சரி பண்ணணும்னா என்ன லென்ஸ் மாட்டியிருக்குன்னு கேமராவுக்குத் தெரியணும். அதுக்காக லென்ஸ் விளிம்புல ஆறு புள்ளி, கறுப்பு இல்லைன்னா வெள்ளை. ஆறு பிட், 64 சேர்க்கை. நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களா? பழைய லென்ஸ் வெச்சிருந்தவங்க மார்க்கர் பேனாவால தாங்களே புள்ளி வெச்சுக் கேமராவை ஏமாத்தினாங்க. எனக்குத் தெரிஞ்சு மார்க்கர் பேனாவுல எழுதுன ஒரே பேட்ச் இதுதான்.

2009 செப்டம்பர் 9ல் எம்9. முழு 24க்கு 36 சென்சார், 18 மெகாபிக்சல், அந்த ஃபில்டரும் தேவையில்லை. எல்லாரும் அப்பாடான்னாங்க. கடன் அதோட தீரலை. சென்சாருக்கு மேல இருந்த அகச்சிவப்புக் கண்ணாடி மெல்லிசா இருந்தும் வேலை செய்யக்கூடிய தனி வகை. ஈரப்பதம் அதுக்கு ஆகாது. சில வருஷத்துல அரிச்சுப் புள்ளி புள்ளியா விழ ஆரம்பிச்சுச்சு. லைக்கா 2014லேர்ந்து சென்சாரையே மாத்திக் கொடுத்துச்சு. நம்ம கடலோர ஊர்க்காரங்க யாராச்சும் பழைய எம்9 வாங்குறதா இருந்தா முதல் கேள்வி, "சென்சார் மாத்தியாச்சா?"

எப்சன் 2009ல் ஜப்பானுக்கு மட்டும் ஆர்-டி1எக்ஸ் விட்டுட்டு, பிறகு இந்தப் பக்கமே வரலை. லைக்கா 2022ல் 60 மெகாபிக்சல் எம்11 வரைக்கும் போச்சு. 2025 அக்டோபரில் வந்த எம் ஈவி1ல் ரேஞ்ச்ஃபைண்டரையே எடுத்துட்டு மின்னணு வ்யூஃபைண்டர் வெச்சாங்க. அதுலயும் மாறாதது என்ன தெரியுமா? அதே லென்ஸ் விளிம்பு. அதே 27.8.

இந்தக் கதை தெரிஞ்சா புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்குக் கைமேல பலன் உண்டு:

1. கேமரா கைக்கு வந்ததும் தூரத்துல ஒரு செல்ஃபோன் டவரைப் பாருங்க. லென்ஸ் முடிவிலிக் குறியில் நிக்கும்போது ரெண்டு படமும் ஒண்ணாச் சேரணும். சேரலைன்னா தப்பு உங்க மேல இல்லை, மெக்கானிக்கிட்ட போகணும். ஃபிலிம் காலத்துல மறைஞ்சு போன சின்னப் பிசகெல்லாம், திரையில நூறு சதவீதம் பெருசாக்கிப் பாக்குற காலத்துல பளிச்சுனு தெரியும்.

2. லென்ஸ் மேல இருக்குற தூரக் கோடுகள் பெரும்பாலும் ஃபிலிம் காலக் கணக்கு. எஃப்/8ல் எடுக்கிறப்போ எஃப்/5.6 கோட்டை நம்புங்க.

3. ஒரே ஒரு லென்ஸ் போதும். ஏபிஎஸ்-சி சென்சார்னா 28 அல்லது 35, முழு சென்சார்னா 35 அல்லது 50. கட்டத்துக்கு வெளியே நடக்குறதும் தெரியுறதுதான் இந்தக் கேமராவோட சுகமே. கட்டத்துக்குள்ள யாரு நுழையப் போறாங்கன்னு முன்கூட்டியே தெரியும்.

4. பெரும்பாலான லென்ஸ்களில் 70 சென்டிமீட்டருக்குக் கிட்டப் போக முடியாது. பூவுக்குள்ள பூச்சி எடுக்கணும்னா வேற கேமரா பாருங்க.

5. லென்ஸ் மூடியைக் கழட்டினீங்களான்னு பாத்துக்கங்க. ஜன்னல் வழியா எல்லாம் நல்லாத்தான் தெரியும் :-)

கடைசியா ஒண்ணு. 1954ல் எடுத்த முடிவுக்காக 2004லேயும் 2006லேயும் 2009லேயும் இஞ்சினியர்கள் முட்டிக்கிட்டாங்க. கேமரா வாங்கினவங்க ஃபில்டர் மாட்டுனாங்க, சென்சார் மாத்துனாங்க. அந்த விளிம்பைத் தூக்கிப் போட்டிருந்தா இவ்வளவு கஷ்டமும் இல்லைன்னு என்னோட வேலை பாக்குறவங்க வாதாடுறாங்க. தொழில்நுட்பமாப் பாத்தா அவங்க சொல்றது சரிதான். ஆனா வித்த பொருளுக்கு எத்தனை வருஷம் பொறுப்பேத்துக்கணும்கிற கேள்விக்கு, எனக்குத் தெரிஞ்சு இவ்வளவு நீளமாப் பதில் சொன்னவங்க கம்மி. அந்தப் பிடிவாதம் இல்லைன்னா அன்னிக்குப் பாட்டி படம் கிடையாது. அதனால என் ஓட்டு 27.8க்குத்தான்.

உங்க வீட்டுப் பரண்ல பழைய மரை லென்ஸ் ஏதாச்சும் கிடந்தா எடைக்குப் போட்டுடாதீங்க. பின்பக்கம் 39 மில்லிமீட்டர் இருக்கான்னு ஒரு ஸ்கேல் வெச்சு அளந்து பாருங்க. ஃபோகஸ் திருகும்போது பின்னாடி ஒரு வளையம் முன்னும் பின்னும் நகருதான்னும் பாருங்க. நகரலைன்னா அது பழைய ஜெனிட் எஸ்எல்ஆர் லென்ஸா இருக்கலாம், இதுக்கு ஆகாது. நகர்ந்துச்சுன்னா, அந்த லென்ஸுக்கு இன்னும் ஆயுசு இருக்கு.